நூறு தலை இருந்தால் ஓவியம்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்து, வாலில் தொங்கும் அட்டவணையைப் படியுங்கள். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலை சொல்லித்தர ஓர் ஆள். அதுவும் பகுதிநேர ஆள். 99 பேர் படிக்கும் பள்ளியில்? அங்கே எந்தப் பிள்ளைக்கும் வண்ணம் தீட்டும் ஆசை வராது என்று நாடாளுமன்றம் கண்டுபிடித்துவிட்டது. நூறாவது பிள்ளைக்கும் பிறகு ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தானோ இல்லையோ, பள்ளி முழுக்கக் கற்பனை பொங்கிவிடும்.

இந்த அட்டவணைக்குக் கட்டுப்பட்டு 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேரப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி எல்லாம் சேர்த்துத்தான். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு 7,000, 7,700, 10,000 என்று ஊர்ந்து 2024இல் 12,500 ஆனது. 2021 தேர்தலில் பணி நிரந்தரம் செய்வோம் என்று திமுக எழுதிக் கொடுத்த வாக்குறுதியின் எண் 181. எந்த ஓவிய ஆசிரியரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், தன் பிறந்த தேதிக்கு முன்னால் இந்த எண்ணைச் சொல்வார்.

இவர்களுக்கு மே மாதம் சம்பளம் கிடையாது என்று அன்று விதி வைத்தவருக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். கோடை விடுமுறையில் ஓவியம் வரைபவருக்குப் பசிக்காது, வீட்டுக்காரர் வாடகை கேட்க மாட்டார் என்ற அறிவியல் உண்மையை அவர் தனியாகக் கண்டறிந்திருக்கிறார்.

சரி, ஆள் வந்துவிட்டார். வண்ணம்? தூரிகை? தாள்? அதற்குத்தான் பள்ளி மானியம் இருக்கிறதே. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கு. மீதியில் சாக்குக்கட்டி, விளக்குமாறு, பதிவேடு, ஒழுகும் கூரை, எரியாத குழல்விளக்கு. எல்லாம் முடிந்து எட்டாம் வகுப்புக்கு ஒரு பெட்டி வண்ணம் வாங்கலாம் என்று தலைமையாசிரியர் நினைக்கும்போது குழாய் உடையும். குழாய்தான் ஜெயிக்கும். அதில் குற்றம் சொல்ல முடியாது, தண்ணீர் இல்லாமல் வாட்டர் கலரும் வராது.

இந்தச் சில்லறைக்கும் ஒரு கதை உண்டு. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை கலையைப் பாடத்தோடு இணைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக உருகுகிறது. அந்தக் கொள்கையைத் தலையில் சுமக்கும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024–25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்கான பணம் அது. பள்ளி மானியமும் பகுதிநேர ஆசிரியர் சம்பளமும் அந்தத் தொட்டியிலிருந்துதான் வரவேண்டும். கலையை இணைக்கச் சொல்லும் கொள்கைக்காகக் கலை ஆசிரியரின் சோற்றில் கை வைத்தார்கள். டெல்லி தரவில்லை என்று சென்னை சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் பகுதிநேரம் என்ற அவமானத்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் கட்டிக் காத்தது டெல்லி மட்டுமல்ல. மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை மட்டும் யாரும் மேடையில் கேட்பதில்லை.

மேடை என்றதும் அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா நினைவுக்கு வருகிறது. 2022–23இல் தொடங்கியது. நல்ல யோசனை, நான் மனதாரச் சொல்கிறேன். வில்லுப்பாட்டு, பறை, களிமண் சிற்பம் என்று கிராமத்துப் பிள்ளைகள் மேடையேறுவதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம், சிலருக்கு வெளிநாட்டுப் பயணம். சரி, இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? வாரத்துக்கு மூன்று அரை நாள் வருபவர். அவர் சமிக்கி, ஜிகினா, கம்பித்தாள், முகத்துக்குப் பூசும் சாயம் எல்லாவற்றையும் கடன்சொல்லி வாங்கிப் போட்டி நாளன்று பிள்ளையின் கொண்டையில் ஊக்குக் குத்திக்கொண்டு நிற்பார். ஊக்குக்கு மானியத் தலைப்பு இல்லை. இடையில் பள்ளித் தகவல் தளமான எமிஸில் பதிவேற்றவில்லையா என்று வாட்ஸ்அப்பில் ஒரு அதட்டல் வரும். அரை நாள்காரருக்கு வரும் அதட்டல் மட்டும் முழுநேரம்.

பறை கற்றுத்தர ஊர் ஆசானைக் கூட்டிவருவார்கள். பத்து நாள் வந்து, தோலைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்த்து, அடி சொல்லிக்கொடுப்பார். கடைசியில் கழுத்தில் ஒரு துண்டு விழும். சம்பளம் என்று கேட்டால் உங்க கலை வளருதே என்பார்கள். அவருக்கு அரசு ஒன்றுமே தரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்: இயல் இசை நாடக மன்றத்தில் கருவியும் ஆடை அணிகலனும் வாங்க ஆண்டுக்கு 500 நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய் உண்டு. மாநிலம் முழுக்க 500 பேர்! நல்ல தவில் ஒன்று வாங்க அந்தப் பணம் போதாது. மீதிக்குத் தாளம் போட்டுக்கொள்ளலாம்.

பெரிய பரிசுகளில் மட்டும் நேரம் தவறாது என்று நினைத்துவிடாதீர்கள். 2011 முதல் 2018 வரைக்குமான கலைமாமணி விருதுகளை 2019இல் ஒரே மூச்சில் 201 பேருக்கு அறிவித்தது அரசு. எட்டு வருட ரேஷன் அரிசியை ஒரே நாளில் அளந்து போட்டாற்போல. நடுவில் செத்துப்போகாமல் இருந்ததே ஒரு கலைத்திறன் என்று தேர்வுக்குழு கருதியிருக்கலாம்.

நிரந்தரம் கேட்டு பகுதிநேர ஆசிரியர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்தபோது போலீஸ் வண்டி வந்தது. ஏற்றிக்கொண்டு போய் மண்டபங்களில் அடைத்தார்கள். சாயங்காலம் விட்டார்கள். அவர்கள் பிடித்திருந்த பதாகைகளை ஓவிய ஆசிரியர்கள் எழுதியிருந்தால் எழுத்து ஒன்றுகூடக் கோணியிருக்காது. சனவரி 25 வந்தால் அதே கைக்குத்தான் தொலைபேசி வரும்: சார், நாளைக்குக் கொடியேற்றம், கலெக்டர் வர்றாரு, பலகை எழுதணும், கொஞ்சம் சீக்கிரம் வாங்க. அது அவருடைய வேலை நாளா என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.