உள்நாட்டு விசாரணை

திருநெல்வேலி மேடைகளில் ஜெனீவாவுக்குப் பஞ்சமே இல்லை. பாளையங்கோட்டைத் திடலில் மைக்கைப் பிடிக்கும் எந்தத் தலைவரும், இலங்கைப் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் நடந்த படுகொலைக்குச் சர்வதேச விசாரணை கேட்காமல் கீழே இறங்கமாட்டார். நியாயமான கோரிக்கைதான். கொன்ற அரசே நீதிபதியையும் நியமித்தால் அது விசாரணையா? கொழும்பு 2010-ல் நல்லிணக்க ஆணைக்குழு வைத்தது. பிறகு காணாமல் போனோருக்கு அலுவலகம் திறந்தது. அலுவலகம் இருக்கிறது. ஆட்களைத்தான் காணோம்.

சரி, அந்த மைக்கைக் கொக்கிரகுளம் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். 1999 ஜூலை 23. கூலி உயர்வும், சிறையில் கிடந்த சக தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். கிடைத்தது தடியடி. உயிருக்குப் பயந்து தாமிரபரணி ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு.

விசாரித்தது யார்? ஐ.நா.வா? தமிழக அரசு அமைத்த நீதிபதி மோகன் ஆணையம். அது கணக்கைப் பிரித்துத் தந்தது: 11 பேர் நீரில் மூழ்கி, 6 பேர் காயத்தால். தண்ணீர் செய்த கொலைக்குப் போலீஸ் என்ன செய்யும், பாவம்! ராஜபக்சே அரசு தன் போரை மனிதாபிமான நடவடிக்கை என்றது. நம் ஊரில் அதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு. கொழும்பு செய்தால் கசக்கும் உள்நாட்டு விசாரணை, கோட்டை செய்தால் இனிக்கிறது. வருடா வருடம் ஜூலை 23-ல் கட்சிக்காரர்கள் தாமிரபரணியில் பூத் தூவுகிறார்கள். வழக்கைத் தூசு தட்டத்தான் ஆளில்லை.

டெல்லி இன்னும் விசேஷம். 2009 மே மாதம், பிணங்கள் ஆறுமுன், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்துக்குக் கை தூக்கியது. 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிராகத் தூக்கியது. 2014, 2021, 2022-ல் தூக்கவே இல்லை. தோள்பட்டை வலி போலும்.

இலங்கையில் போருக்குத் தப்பி வந்தவர்கள் இதே மாவட்டத்து முகாம்களில் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. 2021-ல் மாநில அரசு, அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் ஆக்கியது. வீடும் கட்டித் தந்தார்கள், மறுக்கவில்லை. நாடு? முகாமிலேயே பிறந்து, படித்து, கல்யாணமும் முடித்தவர்களில் பெரும்பாலோர் காகிதத்தில் இன்னும் அந்நியர். ஈழத்துக்காக அத்தனை மேடை போடுகிறவர்கள், ஒரு மேடையிலாவது இவர்களை ஏற்றிப் பேசவிடலாமே? ஏற்றமாட்டார்கள். இவர்களுக்கு ஓட்டு இல்லை.