மூடியத் தொறக்காதல மருமவனே!

ஏல மருமவனே, ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவன் இப்ப வீட்டுலயே பில்ஸ்னர் காய்ச்சுதியாமே? காய்ச்சு, காய்ச்சு. அங்க சட்டம் விடுது, நான் என்னத்துக்குக் குறுக்க வாரேன்? ஆனா எவர்சில்வர் டாங்கி, செல்போனுக்குச் சேதி அனுப்புத சூட்டுமானி, தண்ணியில கலக்க நாலு வகை உப்பு... பீரு காய்ச்சுதியா, ராக்கெட்டு விடுதியா?

1842-ல பொகிமியாவுல பில்சன் ஊருல மொதப் பில்ஸ்னரக் காய்ச்சுனவன் ஜோசப் குரோல்னு ஒரு பவேரியாக்காரன். அவன் செல்போனையா பாத்துக்கிட்டுருந்தான்? அந்த ஊருத் தண்ணி உப்பில்லாத தண்ணி, மால்ட்டு வெளிர் மால்ட்டு. பீரு பொன்னா எறங்கிச்சு. பெறவு ஜெர்மன்காரன் அதுல இனிப்பக் கொறச்சு, கசப்பத் தூக்கலா வச்சு, ஹாலர்டவ், டெட்னாங்னு தன் மண்ணுல வெளஞ்ச ஹாப்ஸப் போட்டுத் தன் சரக்கா ஆக்கிக்கிட்டான். கெட்டிக்காரன்தான்.

சரி, சூட்டுக்கு வருவோம். 1553-லயே பவேரியாவுல உத்தரவு போட்டாச்சு: ஏப்ரல் 23-லருந்து செப்டம்பர் 29 வரைக்கும் எவனும் பீரு காய்ச்சப்படாது. கோடையில காய்ச்சுனா கெட்டுப்போவும்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. நிலவறையில பனிக்கட்டிய அடுக்கி, மேல நெழலுக்குச் செஸ்ட்நட் மரத்தையும் வச்சான். 1870-கள்ல கார்ல் வான் லிண்ட குளிர் மெசினக் கொண்டாந்த பெறவுதான் பாடு கொறஞ்சுது. நீ என்னடான்னா சூலை மாசத்துல டாங்கிய சன்னலோரம் வச்சுட்டு, ஈஸ்ட்டு சரியில்லைங்கே. ஈஸ்ட்டு என்னல பாவம் பண்ணிச்சு?

பில்ஸ்னருக்குப் போடுத லாகர் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரி பக்கம் போதும். பைய வேலை பாக்கும். முடியப் போறப்ப 16, 17-க்கு ஏத்தி ரெண்டு மூணு நாளு விடு, வெண்ணெ வாடை போயிரும். பெறவு 0 டிகிரிக்கிட்ட எறக்கி ஒண்ணரை மாசம் போட்டு வையி. அம்புட்டுத்தான் ரகசியம். இதுக்கு எதுக்குல வெள்ளிக்கெழமதோறும் ஒரு சாமான் பார்சலு?

உன் கோளாறு வேற. கொதிக்கும்போது மூடிய எடுத்து வச்சிரணும். வெளிர் மால்ட்டுல அவிச்ச மக்காச்சோள வாடை ஒண்ணு இருக்கு, ஒண்ணரை மணி நேரம் கொதிச்சு அது ஆவியோட வெளிய போவணும். அப்ப நீ கரண்டு மிச்சம்னு மூடி வைக்கே. ஈஸ்ட்டப் போட்ட பெறவு மூடுனது மூடுனதா கெடக்கணும். அப்ப போட்டோ எடுக்கணும்னு தெனம் தெறக்கே! அடையில இருக்க கோழியக் கெளப்பிக் கெளப்பி முட்டையப் பாத்தா குஞ்சா பொரிக்கும்?

டாங்கிக்குக் குடுத்த காசு போவட்டும். ஒண்ணரை மாசம் அந்தப் பக்கமே போவாம இருக்க ஏலுமா? ஏலும்னா காய்ச்சு. ஏலாதுன்னா கடைக்குப் போயி ஒரு பாட்டுலு வாங்கிக்க. அங்க எவனோ ஒருத்தன் உனக்கும் சேத்துக் காத்துக் கெடந்துதான் அடைச்சு வச்சிருக்கான்.