எழுபதுகளின் ராக் குழுக்களை மட்டம் தட்டுவது எப்படி?

யாரும் கேட்காத குழுவைப் பிடித்து 'இவர்களுக்குப் புகழ் அதிகம்' என்று சொன்னால் சண்டைக்கு ஆள் வராது. பெரிய தலையாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

கத்துக்குட்டிகளுக்கு ஈகிள்ஸ். 1976 தொடக்கத்தில் வந்த அவர்களுடைய ஹிட் பாடல் தொகுப்புக்கு அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 லட்சம் பிரதி என்று 2018இல் சான்று கொடுத்தார்கள். "இதெல்லாம் ஒரு இசையா, காரில் போகும்போது ஓடுகிற சத்தம்" என்று உதட்டைப் பிதுக்குங்கள். எதிராளி கொதித்துப்போய், "ஹோட்டல் கலிஃபோர்னியா இருக்கிற ஆல்பமய்யா அது!" என்பார். விழுந்தார். அந்தப் பாட்டின் ஆல்பம் வந்ததே அந்த வருடம் டிசம்பரில்தான். தொகுப்பில் அது கிடையாது. இதற்கும் பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதற்கும் சம்பந்தமில்லைதான். அதை நீங்களாக ஏன் சொல்ல வேண்டும்?

லெட் செப்லினிடம் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். பான்ஹமின் டிரம்ஸைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அங்கே ஜெயித்தவன் இல்லை. 'எல்லாம் சுட்ட சரக்கு' என்று பிடியுங்கள். 'ஹோல் லாட்டா லவ்' தன் வரிகளிலிருந்து வந்தது என்று ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார்; சமரசம் பேசித்தான் முடித்தார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளவும். உற்சாகத்தில் 'ஸ்டேர்வே டு ஹெவன்' வழக்கையும் இழுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்: 2016இல் ஜூரி, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுமே குழுவின் பக்கம்.

நிச்சய வெற்றி வேண்டுமென்றால் யெஸ். 1973இல் இரண்டு எல்.பி. தட்டுகள் கொண்ட ஆல்பம் போட்டார்கள். மொத்தம் நான்கே பாட்டு, பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கே அது பிடிக்கவில்லை. மான்செஸ்டர் மேடையில் என்ன நடந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பிடுவீர்கள் என்று உதவியாளர் கேட்டதை, இப்போதே ஆர்டர் எடுப்பதாக இருவரில் ஒருவர் குழப்பிக்கொள்ள, பாட்டு நடுவிலேயே சிக்கன் விண்டாலூ, புலாவ், ஆறு அப்பளம் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக மேலே வந்திருக்கிறது. மனிதர் கீபோர்டு மேல் பரப்பிவைத்துச் சாப்பிட்டார். மறு வருடம் குழுவைவிட்டே போய்விட்டார். வாசிக்கிறவரே சாப்பிடப் போய்விட்ட பாட்டை யார் வந்து காப்பாற்றுவது? (எனக்கு அந்த ஆல்பத்தின் கடைசிப் பக்கம் பிடிக்கும். சபையில் சொல்வதில்லை.)

பிங்க் ஃப்ளாய்டா? "சிட் பாரெட் இருந்தவரைதான்" என்று பெருமூச்சு விடுங்கள். அவர் 1968லேயே வெளியேறிவிட்டார், குழுவின் எழுபதுகளுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பரவாயில்லை. ஆனால் குவீன் ரசிகர் 1985 லைவ் எய்ட் கச்சேரியைக் கொண்டுவந்தால் உடனே கையை உயர்த்துங்கள்: "அது எண்பதுகள், செல்லாது." பத்தாண்டு எல்லை எதிராளிக்கு மட்டும்தான்.

கிஸ்ஸை விட்டுவிடலாம். 1977இல் தங்கள் காமிக்ஸ் அச்சு மையில் சொந்த ரத்தத்தைக் கலந்தவர்களை நாம் புதிதாக என்ன கிண்டல் செய்வது?

"சரி, உனக்கு யார்தான் பிடிக்கும்?" என்ற கேள்வி வந்தே தீரும். "பிக் ஸ்டார்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடியுங்கள். மெம்பிஸ் குழு. 1972இல் முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்று பெயர் வைத்தார்கள். விநியோகம் சொதப்பியதால் தட்டு கடைக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. கடையில் கிடைக்காத குழுவை யாரும் மிகைப்படுத்த முடியாது, பாருங்கள். எதிராளிக்கும் பிக் ஸ்டார் தெரிந்திருந்தால் ஜெர்மன் குழுக்கள் பக்கம் தாவுங்கள்.

யாராவது எழுந்துபோய் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்கலாம் என்றால் மட்டும் எப்பாடுபட்டாவது தடுத்துவிடுங்கள். பாட்டு ஓடினால் எவனும் வாதாடமாட்டான்.

கடைசியாக ஒருவர் பீட்டில்ஸை இழுப்பார். "அவர்கள் 1970லேயே பிரிந்துவிட்டார்கள், கணக்கில் வராது" என்று சொல்லிப் பாருங்கள். 'லெட் இட் பி' ஆல்பம் அந்த வருடம் மே மாதம்தானே வந்தது என்று அவர் விரலை மடக்க ஆரம்பித்தால், செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.