பழம்பொட்டிக்கு அப்டேட் போடும் முறை: பாடாங் செராய் மரபு குறித்த ஓர் ஆராய்ச்சி

பழைய கணினிக்கு அப்டேட் போடலாமா கூடாதா என்ற வழக்கு மலேசியாவின் பாடாங் செராய் வட்டாரத்தில் நெடுங்காலமாகத் தீராமல் கிடக்கிறது. கோயில் நிர்வாகக் கூட்டத்தில்கூட இவ்வளவு நாள் இழுத்த விவகாரம் குறைவு. இதை முறைப்படி ஆராய்ந்து முடிவுகட்டுவது தமிழுலகத்துக்குச் செய்யும் தொண்டென்று கருதி எழுதத் துணிந்தேன்.

முதலில் இலக்கணம். ஈண்டுப் பழைய கணினி என்பது யாதெனின், மகன் முதல் சம்பளத்தில் வாங்கி, கல்யாணமானதும் அம்மா வீட்டிலேயே விட்டுப்போன பொட்டி. சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய் மைலோ கலக்கிக் குடித்துக் கோப்பையையும் கழுவிவிட்டு வந்தால்தான் முகப்புத் திரை தெரியும். அஃதேல், மெதுவாக எழும் கணினியெல்லாம் பழைய கணினியோ எனின், அன்று. எழுந்த பிறகும் "இப்ப ஒன்னையும் தொடாதே, ஹேங் ஆயிடும்" என்று பக்கத்தில் ஒருவர் காவலிருந்தால்தான் அது அவ்விலக்கணத்துள் அடங்கும்.

மைக்ரோசாஃப்ட் வகுத்த இலக்கணம் வேறு. 2021 அக்டோபர் 5-இல் வெளிவந்த விண்டோஸ் 11 ஏறவேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கூடாது. 2017 தொடக்கத்தில் தவணையில் வாங்கிய ஏழாம் தலைமுறைக் கணினி, தவணை முடிந்த கையோடு கிழமாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் நின்றது.

இதில் வட்டாரத்துக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. 1996-இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா நமக்குக் கூப்பிடு தூரம். இன்டெல் ஆலையும் அங்கே இருக்கிறது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் ஃபேக்டரி பஸ் ஏறி அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய மேசைக் கணினியைத் திறந்து, விசிறியைக் கழற்றி, காய்ந்த பசையைத் துடைத்தால் பல சில்லுகளின் தலையில் "மலாய்" என்று பொறித்திருக்கும். மலேசியாவில் பொருத்தி முடித்தது என்று பொருள். நம் நாட்டில் உருவான சில்லுக்கு நம் வீட்டில் இருக்கத் தகுதியில்லை என்று அமெரிக்காவிலிருந்து தாக்கீது வருகிறது.

அடுத்து, நாள் பார்த்தல். பாதுகாப்பு அப்டேட்டுகள் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடப்படுகின்றன. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்குவதா என்று நம் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவை வெளியாகும் அமெரிக்க மேற்குக்கரை நேரம் காலை பத்து மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றோ இரண்டோ, அதாவது புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. ஆக, அமெரிக்காவுக்குத்தான் தோஷம், நமக்கில்லை. புதனன்று எமகண்டம் ஏழரையிலிருந்து ஒன்பது, ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. இடைப்பட்ட மூன்று மணிநேரம் உத்தமம். அந்நேரம் போட்டோஸ்டாட் கடையில் நிற்க இடமிருக்காது என்பது சாஸ்திரத்தின் குற்றமன்று.

மாலையில் போடலாமே எனின், அதற்கொரு தடை. இடி உறுமத் தொடங்கியதுமே டிவி, மோடம், கணினி என எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவது லயத்து வீட்டுக் காலத்திலிருந்து வரும் ஒழுக்கம். திரையோ "கணினியை அணைக்காதீர்கள்" என்கிறது. முப்பது விழுக்காட்டில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது, சன்னலுக்கு வெளியே வானம் கறுத்து வருகிறது, அப்பா பிளக் பக்கத்தில் நிற்கிறார். இவ்விரு ஆணைகளில் எது வலிது என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. கள ஆய்வில் கண்டவரை, அப்பாதான் வலியவர்.

இனி, டவுனில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரின் தரப்பு. அவரிடம் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே போய்விட்டது. "அண்ணே, புதுசா மாத்திடலாமே" என்றேன். "மாத்து தம்பி. நாளைக்குக் காலையில கருமக்கிரியை நோட்டீஸ் வாங்க வருவாங்க. எழுத்து வரலைன்னா நீயே கையால எழுதிக் குடு" என்றார்.

அவர் பிடிவாதக்காரர் அல்லர். விண்டோஸ் 2000-க்கு முன் விண்டோஸில் தமிழுக்கென்று யூனிகோடு இடம் இல்லை. ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றி, திஸ்கி, டேப் என்று குறியீடுகள் வகுத்து வேலை பார்த்தோம். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் இந்நாட்டில் பிறந்து அந்தக் காலத்தில் நமக்குக் கைகொடுத்தது. அப்போது செய்த காதுகுத்து, கல்யாணம், தீமிதி அழைப்பிதழ் அச்சுகள் எல்லாம் இன்னும் அந்தப் பொட்டிக்குள்தான். ஃபார்மட் அடித்து எழுத்துரு போய்விட்டால் "நிகழும் மங்களகரமான" என்ற இடத்தில் தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். விண்டோஸ் 11 அறுபத்து நான்கு பிட்டில் மட்டுமே வருகிறது. மிகப் பழைய பதினாறு பிட் மென்பொருள் அதில் ஓடாது. அவருக்கு அப்டேட் என்பது நாற்பது கோயில்களின் திருவிழாக் கணக்கைப் பணயம் வைப்பது.

ஆனாலும் இக்கட்டுரையாளர் முழுக்க அவர் பக்கம் சாயமுடியாது. ஊரில் எல்லாரும் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்பிவைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குத் தாவுவது ஒன்று. மாதாமாதம் வரும் ஓட்டையடைப்பு இன்னொன்று. முன்னதை மறுப்பது விவேகம், பின்னதை மறுப்பது வீம்பு. 2017 மார்ச் 14-இல் ஒரு ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தது. "அப்புறம் பார்க்கலாம்" என்று உலகம் விட்டது. மே 12-இல் வான்னகிரை என்னும் நச்சுநிரல் அதே ஓட்டை வழியாக நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது; பிரிட்டன் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எதிர்த்தரப்பாருக்கும் சான்று உண்டு: 2024 ஜூலை 19-இல் ஒரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. அதனால் வந்த அன்றே போடாமல் ஒரு வாரம் ஆறப்போடுங்கள். அதற்கென்றே நிறுத்திவைக்கும் பொத்தான் இருக்கிறது.

பெரியவருக்கு நான் சொன்ன தீர்ப்பு இது: அழைப்பிதழ்ப் பொட்டியின் இணைய வயரைப் பிடுங்கிவிடுங்கள், அச்சுகளையும் எழுத்துருக்களையும் ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள், வங்கிக் கணக்கைத் தொடும் வேலைக்கு கடையில் விண்டோஸ் 10 ஓடும் இன்னொரு பொட்டியை வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். நாள்காட்டியைப் புரட்டினார். அதுவும் செவ்வாய்க்கிழமை என்று விரலால் தட்டிக் காட்டினார். மறு மாதம் தீபாவளி, கார்டு அடிக்கிற நேரம்.

"தீபாவளி முடியட்டும் தம்பி, பார்க்கலாம்" என்றார். எந்தத் தீபாவளி என்று நான் கேட்கவில்லை.