பொருள்: கறி மிஷின் தேய்ந்தது தொடர்பாக

அனுப்புநர்: கறிக்கடைக்காரன், ஆட்டுத்தொட்டி வாசலிலிருந்து மூன்றாவது கடை.
பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், எங்கள் ஊர் நகராட்சி.
பார்வை: நான் கொடுத்த மனுக்கள் நான்கு. தாங்கள் கொடுத்த பதில்கள் இல்லை.

ஐயா,

தொட்டியில் இருந்த 32-ஆம் நம்பர் கொத்துக்கறி மிஷினைக் கண்டம் செய்துவிட்டதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். காரணம், 'உதிரிபாகங்களின் தேய்மானம்'. தேய்ந்தது உண்மைதான். தேய்த்தது யார் என்று எழுத நோட்டீஸில் இடம் போதவில்லை போலிருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கடிதம்.

அந்த மிஷினுக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. திருகு கறியைத் தள்ளும். நாலு இறக்கைக் கத்தி, ஓட்டைத் தட்டின் மேல் படிந்து சுற்றும். வாயில் ஒரு வளையம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். கத்தியும் தட்டும் உரசி உரசித் தங்களுக்குள் ஒரு படிமானத்துக்கு வந்துவிடும். பிறகு அந்தத் தட்டுக்கு அந்தக் கத்திதான். சாணை பிடித்தாலும் ஜோடியாக, மாற்றினாலும் ஜோடியாக. தங்கள் அலுவலகத்திலோ கத்தி சில்லறைச் செலவு, தட்டு மூலதனச் செலவு. கத்தி ஆடியில் வந்தது. தட்டுக்கு டெண்டர் முடிவதற்குள் அடுத்த ஆடி வந்துவிட்டது. பள்ளம் விழுந்த பழைய தட்டில் புதுக் கத்தியைப் பூட்டி ஓட்டினார்கள். அது மழுங்குவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது.

மழுங்கின கத்தி வெட்டாது, நசுக்கும். ஜவ்வு கத்தியில் சுற்றிக்கொள்ளும், கொழுப்பு களிம்பு மாதிரி பிதுங்கும். உடனே நம் ஆள் பைப் ரெஞ்சைப் போட்டு வளையத்தை முறுக்குவார். கையால் இறுக்கினால் போதும் என்று கையேட்டில் இருக்கிறது. கையேடு பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி, மாற்றலாகிப் போன சூப்பர்வைசரிடம் இருக்கிறது. முறுக்க முறுக்கச் சூடு, சூட்டில் தேய்மானம், தேய்ந்ததும் இன்னொரு முறுக்கு. கறி நாலு டிகிரிக்குள் சில்லென்று இருந்தால் இந்தப் பாட்டில் பாதி குறையும். குளிர் அறையில் பழைய கோப்புகள் பத்திரமாக இருப்பதால் அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். உணவு மிஷின்களுக்கென்றே நிறமும் வாசனையும் இல்லாத மினரல் ஆயில் ஒன்று உண்டு. கழுவித் துடைத்ததும் கத்திக்கும் தட்டுக்கும் ஒரு பூச்சுக் கொடுத்தால் துரு அண்டாது. சமையல் எண்ணெய் தடவினால் நாளடைவில் காறிப்போய்ப் பிசுபிசுக்கும். ஒரு லிட்டர் வேண்டும் என்று தொட்டி ஊழியர் எழுதிக் கொடுத்தார். 'மேற்படி எண்ணெயில் பொரிக்கப்படுவது யாது?' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

எண்ணெய்க்கு வழியில்லாத மிஷினுக்கு பிளீச்சிங் பவுடர் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால், சாலையோரம் கோடு போட்ட மிச்சம் மிஷின் தலையில் விழும். குளோரின் எவர்சில்வரையே புள்ளி புள்ளியாக அரித்துவிடும். கத்தி பாவம், சாதாரண எஃகு.

பராமரிப்பே நடக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தீர்கள். போன வருஷத்துச் சந்தனம் இன்னும் தட்டின் ஓட்டைகளில் இருக்கிறது. என் தாத்தாவிடம் மிஷின் இல்லை, ஒரு புளியங்கட்டைதான். ராத்திரி அதைச் சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கடையைச் சாத்துவார். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

ஆனாலும் இவ்வளவையும் அந்த மிஷின் தாங்கியிருக்கும் ஐயா. அதைக் கொன்றது ஆய்வு.

கறியின் ஈரமும் கொழுப்பும்தான் கத்திக்கும் தட்டுக்கும் நடுவே வழுக்கல். வெறும் மிஷினை ஓட்டினால் இரும்பு இரும்பைத் தின்னும். மாதாமாதம் அதிகாரிகள் வருவார்கள். "ஓடுதா?" என்பார்கள். ஊழியர் சுவிட்சைப் போடுவார். போட்டோ எடுக்கும்வரை ஓட வேண்டும், போட்டோ சரியாக விழவில்லை என்றால் மறுபடியும் ஓட வேண்டும். பிறகு பதிவேட்டில் 'நல்ல நிலையில் இயங்குகிறது' என்று கையெழுத்து. பதிவேட்டை நான் பார்த்தேன். மிஷின் கறி அரைத்த நாட்களைவிட அதிகாரிகளுக்கு ஓடிக் காட்டிய நாட்கள் அதிகம்.

புது மிஷினுக்கு டெண்டர் விட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. கத்தியையும் தட்டையும் ஒரே கோப்பில் போடச் சொல்லுங்கள். எண்ணெயை 'எண்ணெய்' என்று எழுதாமல் வேறு ஏதாவது பெயரில் வாங்கச் சொல்லுங்கள். ஆய்வை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் ஒரே ஒரு விண்ணப்பம்: ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் ஆளுக்கு ஒரு கிலோ கறியோடு வரட்டும். எலும்பு இல்லாமல், ஜவ்வு எடுத்து, ஐஸில் வைத்துக் கொண்டுவரட்டும். கறியை என் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ரசீது தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கறிக்கடைக்காரன்