சேமிப்புப் பிழையியல்: ஒரு துணைக்காலை முன்வைத்து

இவ்வாய்வின் களம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. காலம், ஒரு வியாழக்கிழமை இரவு 11.40. தகவலாளி ஒருவரே: என் தங்கை கணவர். பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். மறுநாள் காலை 9.30க்குத் துறைக் கூட்டத்தில் 42 ஸ்லைடு காட்ட வேண்டியவர். தொலைபேசி வழியே அவர் அளித்த வாய்மொழித் தரவு வருமாறு: "மச்சான், பிபிடி சேவ் ஆக மாட்டேங்குது. நான் ஒண்ணுமே பண்ணல. ஒரே ஒரு கால்தான் போட்டேன்."

கால் என்றது துணைக்காலை. ஏழாவது ஸ்லைடில் 'ஆய்வளர்' என்று நொண்டிக்கொண்டிருந்தவரை 'ஆய்வாளர்' ஆக்கியிருக்கிறார். அவ்வளவுதான். 'சேமிக்கும்போது பிழை நேர்ந்தது' என்று ஒரு பெட்டி எழும்பி வந்து, ஓகே என்ற ஒரே பொத்தானோடு நின்றுவிட்டது. படங்களும் வரைபடங்களுமாக 40 எம்பி கனத்தைச் சுமந்த கோப்பு, ஒரு துணைக்காலின் பாரத்தில் முறிந்தது எப்படி? இதுவே ஆய்வுச் சிக்கல்.

முன்னாய்வுகள் ஏராளம். ஆனால் அனைத்தும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற ஒரே நூற்பாவில் அடங்கிவிடுவதால் தனியே விவாதிக்கப்படவில்லை.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பவர்பாயின்ட் 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. செய்தது ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனம். முன்நின்றவர்கள் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. முதல் பதிப்பு கறுப்பு வெள்ளை. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களை அச்சிட்டுத் தருவதே அதன் பணி. அதாவது, கோப்பு கெட்டாலும் தாள் கையில் இருந்தது. நம் தலைமுறை தாளைத் தொலைத்துவிட்டுக் கோப்பை நம்பிக்கொண்டிருக்கிறது.

சேமிப்புப் பொத்தானில் உள்ள சதுரச் சின்னம் பற்றியும் ஒரு சொல். அது 1.44 எம்பி கொள்ளளவுள்ள ஃப்ளாப்பி. இன்று ஒரு கைப்பேசிப் படம்கூட அதில் அடங்காது. அதைக் கையில் தொட்டறியாத மாணவர்கள் நாள்தோறும் அதை அழுத்துகிறார்கள். கோயில் தூண்களில் யாளி இல்லையா? பார்த்தவர் எவருமில்லை; ஆனால் யாளி இல்லாத மண்டபம் நன்றாகவா இருக்கும்?

இனி மொழியியல். தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தார்கள் நம் இலக்கணிகள்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சேமிப்புப் பிழையைச் சுற்றி இம்மூன்றும் குறைவின்றி வழங்குகின்றன. 'பிழை நேர்ந்தது' என்னும் பெட்டிச் செய்தி மங்கலம். 'இறைவனடி சேர்ந்தார்' என்பதைப் போல, நடந்ததைச் சொல்லும், எதனால் நடந்தது என்பதைச் சொல்லாது. கணினிப் பிரிவுத் தம்பி பேசுவது குழூஉக்குறி. அந்த இரவில் என் தங்கை கணவர் கணினியைப் பார்த்துச் சொன்னதை இங்கே பதிவுசெய்ய எனக்கு இடக்கரடக்கல் தேவைப்படுகிறது.

இவ்வாய்வின் மையக் கருதுகோளுக்கு வருவோம். கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால், திறந்திருக்கும் கோப்பில் திருத்தம் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றே நாம் நம்புகிறோம். பென்சிலால் எழுதிய பக்கத்தில் ஒரு காலைப் போட்டுவிடுவது போல. அப்படி நடப்பதில்லை. நடப்பது ஏட்டுச் சுவடிக்காரர் வேலை. பழைய ஏடு செல்லரித்தால் அதில் ஒட்டுப்போட மாட்டார்கள். புது ஓலை வாரி முதலிலிருந்து கடைசிவரை படியெடுப்பார்கள்; படி முடிந்ததும் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவார்கள். மென்பொருளும் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பைத் தொடங்கி, 42 ஸ்லைடையும் அதில் முழுக்கப் படியெடுக்கிறது. முடிந்தபின் பழைய கோப்பை நீக்கி, புதியதற்கு அதன் பெயரைச் சூட்டுகிறது. ஒரு துணைக்காலானாலும் சரி, ஒரு புள்ளியானாலும் சரி, முழுப் படி.

முற்காலப் பதிப்புகளில் 'வேகச் சேமிப்பு' என்றொரு வசதி இருந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். திருத்தத்தை மட்டும் கோப்பின் வாலில் ஒட்டிவிட்டுப் போகும் முறை அது. வேகம்தான். ஆனால் அழித்த படங்களும் அழியாமல் உள்ளேயே கிடந்து கோப்பு வீங்கியது. ஓரக்குறிப்புகள் மூலத்தைவிடப் பெருகிய சுவடி போல. அம்முறை வழக்கொழிந்தது நல்லதே என்பது என் துணிபு.

படியெடுப்பு என்று புரிந்துகொண்டால், பிழைகளின் பிறப்பிடம் பெரும்பாலும் தானே விளங்கும். புது ஓலை வைக்க இடம் வேண்டும்; பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்கும் கணம் ஒன்று உண்டு, அந்தக் கணத்துக்கு இரட்டை இடம் தேவை. அந்த ஃபோல்டரில் புதுக்கோப்பு உண்டாக்கவும், பழையதை நீக்கவும், பெயர் மாற்றவும் நமக்கு உரிமை வேண்டும். அலுவலகப் பொது ஃபோல்டரில் திருத்தும் உரிமை மட்டும் இருந்து நீக்கும் உரிமை இல்லையென்றால் கடைசிப் படியில் வழுக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருளோ, பிறந்த குழந்தையைப் பெயர் சூட்டுமுன் தூக்கிப் பார்க்க வந்த அத்தை மாதிரி, தற்காலிகக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுக்கும். இவ்வளவிலும் சுவடிக்கு ஒரு குறையும் இல்லை. குறை ஓலை வைக்கும் திண்ணையில். ஆகவே பெட்டி எழும்பியதும் பதறி மென்பொருளை மூடுவதே பெரும்பிழை. திருத்திய வடிவம் இன்னும் திரையில் உயிரோடு இருக்கிறது. பழையது வட்டில் இருக்கிறது. சேவ் ஆஸ் கொடுத்துத் திண்ணையை மாற்ற வேண்டும், அவ்வளவே.

பெயரியல் தனி நூலுக்குரியது. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகியவை கூடா. 'பணமதிப்பு ஏன் சரிகிறது?' என்று வினாவோடு பெயர் வைக்க முடியாது. விடை தெரிந்தவர்களுக்கு மட்டுமே சேமிப்பு. 12/08 என்று தேதி போடுபவர்கள் அந்தச் சாய்கோட்டில் இடறுகிறார்கள். சி, ஓ, என் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தனிப்பெயராகச் சூட்டவும் கூடாது. டாஸ் காலத்தில் அது திரைக்கும் விசைப்பலகைக்கும் உரிய பெயர். இராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்லக் கூடாது என்ற பாட்டிமார்களுக்கு இந்த விதி உடனே விளங்கும்.

பெயரின் நீளத்திலும் வினை உண்டு. டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் வால்வரை மொத்தப் பாதைக்கு 260 குறிகள் என்பது விண்டோஸின் பழைய எல்லை. நியூ ஃபோல்டருக்குள் நியூ ஃபோல்டர் என்று ஏழு தலைமுறை தள்ளி வாழும் கோப்பு சட்டென எல்லையைத் தொட்டுவிடும். தமிழில் பெயரிட்டால் இன்னும் விரைவில். 'தொல்காப்பியம்' என்பதை நாம் எண்ணினால் 7 எழுத்து; யுனிகோடு எண்ணினால் 13. மெய்யெழுத்துக்குத் தொல்காப்பியர் அளந்தது அரை மாத்திரை; கணினியோ மெய்க்கு ஓரிடமும் அதன் தலைப்புள்ளிக்கு ஓரிடமும் கொடுக்கிறது. ஒரு மாத்திரை ஒலிக்கும் 'ய' ஓரிடத்தில் அடங்கியிருக்க, அரை மாத்திரை 'ம்' இரண்டு இடத்தில் கால்நீட்டி உட்காருகிறது. செய்யுளில் இப்படிச் செய்திருந்தால் வெண்பா தளைதட்டியிருக்கும்.

பூட்டு பற்றிச் சிறிது. கோப்பைத் திறந்ததும் அதன் பக்கத்தில் மறைவாக ஒரு குட்டிக் கோப்பு பிறக்கும். அலைக்கோடும் டாலர் குறியும் முன்னால் நிற்கும். திறந்தவர் பெயர் அதற்குள் இருக்கும். மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் குட்டி மட்டும் அநாதையாக நின்றுவிடும். மின்சாரம் வந்தபின் திறந்தால், 'இக்கோப்பு வேறொருவர் வசம் உள்ளது' என்று நம் பெயரையே காட்டும். தன்னை அறிதல் பற்றிப் பேசும் மரபுகள் எதுவும் இவ்வளவு எளிய வழியைக் கண்டதில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டுக் குட்டியை நீக்கினால் பூட்டு திறக்கும்.

கோப்பு உண்மையிலேயே கெட்டதா என்று அறியவும் ஒரு வழி உண்டு. 2007இல் வந்த பிபிடிஎக்ஸ் வகை உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். படியொன்றின் வாலை ஜிப் என்று மாற்றினால் உள்ளே ஸ்லைடுகள் தனி, படங்கள் தனி எனப் பிரிந்து கிடப்பதைக் காணலாம். படங்களை அங்கிருந்தே மீட்கவும் செய்யலாம். அதை நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கிலத்தில் பி, கே என்றிருக்கும். 1989இல் ஜிப்பை வகுத்த பில் காட்ஸின் தலைப்பெழுத்துகள். நாம் 'உ' போடுவது போல உலகத்து பிபிடிஎக்ஸ் எல்லாம் இந்தச் சுழியோடுதான் தொடங்குகின்றன. சுழி இல்லையெனில் சந்தேகிக்கலாம். புறனடை: கடவுச்சொல் இட்டுப் பூட்டிய கோப்பில் சுழி இராது.

சேமிக்கவே மறந்து மூடியவர்களுக்கும் கதி உண்டு. தானியங்கி மீட்பு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துவைக்கும். ஒருமுறையும் சேமிக்காத கோப்பின் பிரதியை ஆபீஸ் 4 நாள் வைத்திருந்து அழித்துவிடும். நம் வீடுகளில் பதினாறாம் நாள்வரை பொறுக்கிறோம்; அதற்கு அவ்வளவு பொறுமை இல்லை.

மீண்டும் களத்துக்கு. தகவலாளி நேரே பென்டிரைவிலேயே வேலை செய்துகொண்டிருந்தது குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டது. அதில் மகளின் ஆண்டு விழா நடனம் மூன்று கோணங்களில் இருந்தது. மீதி இடம் 12 எம்பி. "ஒரு காலுக்கு 12 எம்பி பத்தாதா மச்சான்?" என்றார். மேற்படி ஓலைக் கோட்பாட்டை விளக்கினேன். நடனத்தை அழிக்கும் யோசனையைத் தங்கை பின்னாலிருந்தே நிராகரித்தாள். எனவே, "மாப்ளே, மென்பொருளை மூடாதீங்க. சேவ் ஆஸ் குடுத்து, டெஸ்க்டாப்ல, சின்னப் பேரா வெச்சு சேவ் பண்ணுங்க" என்றேன். பென்டிரைவில் ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் திருத்தியது, இதுதான் ஃபைனல் என நான்கு பாடபேதங்கள் ஏற்கெனவே இருந்ததால், ஐந்தாவதற்கு 'அ' என்று பெயரிடச் சொன்னேன். சேவ் ஆனது. துணைக்கால் நின்றது. கருதுகோள் நிறுவப்பட்டது என்று நான் படுத்துக்கொண்டேன்.

காலை 9.25க்கு மறுபடி அழைப்பு. பின்னணியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

"மச்சான், பென்டிரைவ்ல 'அ' இல்லையே?"

"டெஸ்க்டாப்லதானே மாப்ளே சேவ் பண்ணுனீங்க?"

"ஆமா. டெஸ்க்டாப் வீட்ல இருக்கு."