614 ரூபாய்க்கு ஒரு கோட்டை வேண்டும்

தமிழ்நாட்டில் ரேஸ் குதிரைகளுக்குப் போதாத காலம். 2024 ஜூலையில் ஊட்டி ரேஸ் மைதானத்தின் 52 ஏக்கரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 822 கோடி ரூபாய் வாடகை பாக்கியாம். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 9 அன்று, அதிகாரிகள் கிண்டிக்கு வந்து மெட்ராஸ் ரேஸ் கிளப் வாசலில் முத்திரை வைத்தார்கள். குத்தகை ரத்து என்றார்கள். கிளப் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. அது ஏறாத கோர்ட் படி இல்லை. குதிரைகள் பாவம், எங்கே போகும்? அதனால் செஞ்சிப் பொதுமக்கள் சார்பில் இந்த விண்ணப்பம்: ரேஸை எங்கள் ஊருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சிரிக்க வேண்டாம். தகுதி இருக்கிறது. எங்கள் கோட்டை மலையான ராஜகிரி அடிவாரத்தில் குதிரை லாயம் கட்டியபடியே நிற்கிறது. ஓட்ஸ் கொட்டி வைக்க நெற்களஞ்சியம் இருக்கிறது. ரேஸ் முடிந்து தோற்றவர்கள் உட்கார்ந்து யோசிக்கக் குளங்கள் இருக்கின்றன. மெம்பர்களின் விருந்துக்குக் கல்யாண மகால். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டைப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே சேர்ந்தது எங்கள் கோட்டை ஒன்றுதான். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ரயில்தான் கிடையாது. அதனால் என்ன, ரேஸ் கிளப் மெம்பர் ரயிலிலா வரப்போகிறார்?

எல்லாவற்றுக்கும் மேலே எங்களிடம் தேசிங்கு இருக்கிறார். டில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை அடக்கிய பிள்ளை என்று கதைப்பாட்டு கொண்டாடும் தேசிங்கு. உலகத்தில் இன்று ஓடும் தரோபிரெட் குதிரை ஒவ்வொன்றின் தகப்பன் வழியும் மூன்று பொலிகுதிரைகளில் போய் முடிகிறது. அவற்றில் பெரிய வம்சம் டார்லி அரேபியனுடையது. அது அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது 1704இல். அங்கே அது துரைமாரின் லாயத்தில் வம்சம் விருத்தி செய்துகொண்டிருந்த நாளில்தான், இங்கே எங்கள் தேசிங்கு ஆற்காட்டு நவாபின் படையை நோக்கிக் குதிரையைத் தட்டிவிட்டார். 1714 அக்டோபர் 3. வயது இருபத்திரண்டு என்பார்கள். அன்றே செத்தார்.

எதற்காகச் செத்தார் என்பதைப் பாட்டு வீரமாகச் சொல்லும். கணக்குப்பிள்ளையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்: பாக்கி. அப்பா சரூப் சிங் ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய கப்பத்தைப் பல வருடம் கட்டவில்லை. எழுபது லட்சம் என்று நவாப் சாதத்துல்லா கான் கணக்கு வைத்திருந்ததாகச் சொல்வார்கள். அப்பா கண்ணை மூடினார். மகன் பட்டத்துக்கு வந்தார். வசூலுக்கு நவாப் படையோடு வந்துவிட்டார். மகன் பட்டத்தில் இருந்தது ஒரு வருடம்கூட முழுசாக இல்லை.

அந்தப் பிள்ளைக்கு நல்ல வக்கீல் அமையவில்லை. அவ்வளவுதான் விஷயம். அமைந்திருந்தால் தடையாணை வாங்கியிருப்பார், வாய்தா வாங்கியிருப்பார், கப்பத்தை உயர்த்தும் உரிமை நவாபுக்கு உண்டா என்று ஒரு ரிட் போட்டிருப்பார். அவர் ராணியும் உடன்கட்டை ஏறித் தீயில் இறங்கியிருக்க மாட்டாள். கோட்டையில் இன்றைக்கும் அவர் பேரன் பேத்திகள் மெம்பர்களாக இருந்திருப்பார்கள்.

நாங்கள் கற்பனையில் பேசவில்லை. கிண்டியில் நடந்ததைச் சொல்கிறோம். 1946இல் போட்ட ஒப்பந்தப்படி 160 ஏக்கர் அரசு நிலம், 99 வருடக் குத்தகை, வருட வாடகை 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு வருடத்துக்கு நாலு ரூபாய் வராது. மாதக் கணக்கில் ஏக்கருக்கு 32 பைசா. எங்கள் பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறைக்குள் போகிறவன் ஒரு தடவைக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறான். அவன் 99 வருடம் உள்ளே இருப்பதுமில்லை.

1970க்குப் பிறகு வாடகையை உயர்த்தியாக வேண்டும் என்றது அரசு. முடியாது என்றது கிளப். அப்படியே அரை நூற்றாண்டு போயிற்று. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், 730 கோடியே 86 லட்சம் பாக்கியை ஒரு மாதத்தில் கட்டு, இல்லையென்றால் இடத்தைக் காலி செய் என்று சொன்னார். பழைய வாடகை விகிதத்தில் அந்தத் தொகையைக் கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று பேனா எடுத்து வகுத்துப் பார்த்தோம். ஒரு கோடியே 19 லட்சம் வருடம். அவ்வளவு காலம் ஜாமீன் நிற்க ராஜகிரி மலை தயார். அதற்கு வயது அதைவிடப் பல மடங்கு.

இந்த அரை நூற்றாண்டில் கோட்டையில் ஆட்சி செய்தது யார்? நாங்கள் சொல்வது ஜார்ஜ் கோட்டை. இரண்டு கழகங்கள். இரண்டுமே ரேஸ் ஏழைக் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று மேடையில் அழுதவைதான். 1974இல் தி.மு.க. அரசு ரேஸை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. நல்லது. அதே அரசு அப்போது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தது. குதிரை மேல் பணம் கட்டினால் பாவம், காகிதத்தின் மேல் கட்டினால் தேசத்தொண்டு. கிளப் உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சட்டம் ஏட்டில் படுத்துக்கொண்டது, குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு எம்.ஜி.ஆர். 1960இல் ‘ராஜா தேசிங்கு’ படத்தில் எங்கள் ஊர்க் குதிரைமேல் ஏறியவர். 1986இல் முதல்வராக, கிளப்பையே அரசு கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டு வந்தார். நவாபை எதிர்ப்பதைவிட இது கஷ்டம் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. முதல்வர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தத் தீர்ப்பைத்தான் நாங்கள் சட்டகம் போட்டு எங்கள் கிளப்பில் மாட்டப் போகிறோம். குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, அது திறமை என்று சொன்ன தீர்ப்பு. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைநேர்த்தி, எடை, தரை ஈரமா காய்ச்சலா என்பதையெல்லாம் ஆராய்ந்து அறிவோடு பணம் கட்டுகிறார்களாம். இருக்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் புளியமரத்தடியில் துண்டை விரித்து உள்ளே வெளியே ஆடுகிறவனும் அப்படித்தான் சொல்கிறான். எந்தச் சீட்டு விழுந்தது, எது பாக்கி, எதிராளி எப்போது மூக்கைச் சொறிவான் என்று அவனும் ஆராய்கிறான். ஆனால் மறுநாள் பேப்பரில் அவன் பெயர் வருவது வேறு பக்கத்தில்: பணம் வைத்துச் சூதாடிய ஆறு பேர் கைது, 1,850 ரூபாயும் சீட்டுக்கட்டும் பறிமுதல். திறமைக்கும் சூதுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எங்களுக்கு விளங்கிவிட்டது. டை கட்டியிருக்க வேண்டும். உட்கார கேலரி இருக்க வேண்டும். துண்டு கூடாது.

ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பை யாரும் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. 2017இல் ரேஸ் பந்தயத்துக்குக் கேசினோவோடு சேர்த்து 28 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 40. நிலம் வாங்கும்போது இது கலை, விளையாட்டு, பாரம்பரியம். தண்டனைச் சட்டம் வரும்போது திறமை. வரி போடும்போது மட்டும் பாவம். ஒரே குதிரைக்கு எத்தனை ஜாதகம்! பாவத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறவர்கள் பாவத்தை நிறுத்தியதாக எந்த ஊர் வரலாற்றிலும் இல்லை.

கேலரியிலிருந்து சற்றுத் தள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் சிரிக்காமல் பேசுகிறோம். கிண்டிக்கு ரேஸ் நாளில் வந்தவர்களில் பெரும்பாலோர் குதிரை வளர்ப்பவர்கள் அல்ல. ஆட்டோக்காரர், லோடு தூக்குபவர், ஓய்வு பெற்ற பியூன், சுவரில் வெள்ளை அடிப்பவர். சட்டைப்பையில் ரேஸ் புத்தகம், காதில் பென்சில். யாரோ லாயத்துக்குள்ளிருந்து டிப்ஸ் சொன்னான் என்று வாரக்கூலியை டோட் கவுண்டரில் நீட்டியவர்கள். ஜாக்பாட் அடித்தவன் கதை ஒன்று இருக்கும். அதைக் கேட்டே இருபது வருடம் போகும். வீட்டில் தாலி அடகுக்குப் போய் மஞ்சள் கயிறு மிஞ்சும். அந்த 32 பைசா நிலத்தின்மேல் இவர்கள் கொட்டிய காசில்தான் கிளப்பின் புல் பச்சையாக இருந்தது. மெம்பர் தோற்றால் மாலைப் பார்ட்டியில் ஒரு வேடிக்கைக் கதை. இவன் தோற்றால் கந்துக்காரன் வாசலில் வந்து நிற்பான். இவனுடைய கடனுக்கு உயர் நீதிமன்றம் ஒரு மாத அவகாசம் கொடுக்காது.

குதிரை கதையும் அதேதான். எலும்பு முற்றுவதற்கு முன்னால், இரண்டு வயதிலேயே ஓடவிடுகிறார்கள். ஐந்நூறு கிலோ எடை, கையளவு காலெலும்பு. முறிந்தால் ஊசி. முறியாமல் தப்பித்தால் ஆறேழு வயதில் ஓய்வு. அதற்கப்புறம் இருபது வருட ஆயுள் பாக்கி இருக்கிறது, வேலை இல்லை. கோப்பை வாங்கிய குதிரையின் பெயரைப் பலகையில் பொன் எழுத்தில் எழுதுவார்கள். அந்தக் குதிரையை மெரினா மணலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விலா எலும்பு தெரிய நடக்கவிட யாருக்காவது விற்பார்கள். எங்கள் ஊருக்கு அருகே கடலிப் பக்கம் போனால் தேசிங்கின் தோழன் மகமத்கானுக்குச் சமாதி உண்டு, பக்கத்தில் அவன் குதிரை நீலவேணிக்கும் உண்டு என்று ஊர் காட்டும். முந்நூறு வருடத்துக்கு முன் படிக்காத சனங்கள் செய்தது. கிண்டியில் எத்தனை சமாதி இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

குதிரைக்காரர்கள், குதிரைக்குப் புல் வெட்டுகிறவர்கள், லாடம் அடிக்கிறவர்கள் பிழைப்பு போகிறதே என்று கிளப் கண்ணீர் விடுகிறது. இந்தக் கவலை உண்மையானது. கவலைப்படுகிற ஆள்தான் புதிது. வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தில் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தால் குதிரை லாயத்துக்குப் பின்னால் இன்று ஒரு நகரமே நின்றிருக்கும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறோம். கோட்டையைச் சுற்றி நூறு மீட்டருக்குள் நாங்கள் ஒரு கழிவறைச் சுவர்கூட எழுப்பக் கூடாது, தொல்லியல் சட்டம். அடுத்த இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும்; அந்த அனுமதிக்கு நடந்தே செருப்பு தேய்ந்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். ரேஸ் கிளப் என்று பெயர் வைத்துவிட்டால் இந்தச் சட்டங்கள் நாகரிகமாக ஒதுங்கி நிற்கும் என்று நம்புகிறோம். கோட்டை மலைகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் 160 ஏக்கர் வேண்டும். அங்கே நெல்லும் மணிலாவும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பாக்கி வைத்தால் மூன்றாம் நோட்டீசுக்கு ஜப்தி என்று பயப்படுகிற ஜாதி. எழுப்பினால் எழுந்து போய்விடுவார்கள். வருட வாடகை 614 ரூபாய். சொச்சத்தையும் சேர்த்தே தருகிறோம், எங்களுக்குப் பேரம் பேசத் தெரியாது. 99 வருடம். வருடா வருடம் அக்டோபர் 3ஆம் தேதி தேசிங்கு கோப்பை. பரிசளிக்க ஆளுங்கட்சி அமைச்சர், பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சிப் பிரமுகர். ரேஸ் நாளில் மட்டும் அவர்கள் ஒற்றுமையாக உட்காருவது வழக்கம் என்று கேள்வி.

கிண்டியில் பூங்காவும் குளமும் அமைக்க 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. வெள்ளத்தில் முழங்கால் நனைந்த ஊருக்குக் குளம் நல்லதுதான். அந்தக் குளத்தை 1970இல் வெட்டியிருந்தால் எத்தனை வெள்ளத்துக்கு உதவியிருக்கும் என்பதைக் கேட்டு நாங்கள் உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. எங்களுக்குக் காரியம் ஆக வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. பிற்காலத்தில் எங்கள் வாடகையையும் உயர்த்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் நவாப் மாதிரி படையோடு வந்துவிடாதீர்கள், நோட்டீஸ் அனுப்புங்கள். அனுப்பிக்கொண்டே இருங்கள். 53 வருடத்துக்கு வரக்கூடிய நோட்டீஸ்களைத் தேதிவாரியாகக் கோத்து வைக்க ஒரு குமாஸ்தா வேலை உருவாக்கியிருக்கிறோம். உள்ளூர்ப் பையனுக்குத்தான் தருவோம். சம்பளம் மாதம் எவ்வளவு என்று கேட்டான். வருடத்துக்கு 614 ரூபாய் என்றோம். வேலைக்கு வர மறுத்துவிட்டான்.